ஒரு படி கீழே

1

ப்ராசஸர் பெட்டியின் மேல் அச்சாகியிருக்கும் வேகம் பொதுவில் கொடுத்த வாக்கு. இந்தச் சில்லு எந்த ஊருக்குப் போனாலும், எந்த மதர்போர்டில் உட்கார்ந்தாலும், உத்தரவாதக் காலம் முழுக்க இந்த வேகத்தில் தப்பில்லாமல் கணக்குப் போடும் என்று தயாரித்தவர் சொல்கிறார். எல்லோருக்கும் சேர்த்துச் சொல்வதால் கொஞ்சம் அடக்கித்தான் சொல்ல முடியும்.

ஒரே சிலிக்கன் வட்டிலிருந்து வெட்டியெடுத்த சில்லுகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று குறைந்த வோல்டேஜில் நிம்மதியாக ஓடும். பக்கத்தில் பிறந்தது அதே வேகத்துக்குக் கூடுதலாகக் கேட்கும். ஆலையில் சோதித்துத் தரம் பிரித்துப் பெயர் வைக்கிறார்கள். அந்தத் தரத்தில் ஆகக் கடைசியாகத் தேறிய சில்லும் தாங்கும் எண்தான் பெட்டியில் ஏறுகிறது. அந்த எண்ணுக்கும் கையில் இருக்கும் இந்த ஒரு சில்லின் எல்லைக்கும் நடுவே மிச்சம் ஏதாவது இருக்கும். எவ்வளவு என்று எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்காது. ஓவர்கிளாக்கிங் அந்த மிச்சத்தை அளந்து பார்க்கும் வேலை.

என் மேஜையில் இருப்பது 2018-இல் வந்த இன்டெல் கோர் ஐ5-9600கே. ஆறு கோர். அடிப்படை வேகம் 3.7 கிகாஹெர்ட்ஸ். ஒரு கோர் மட்டும் உழைத்தால் தானாகவே 4.6 வரை ஏறும். ஆறும் சேர்ந்து உழைத்தால் 4.3-இல் நிற்கும். ‘கே’ வகைச் சில்லு என்பதால் மல்டிப்ளையருக்குப் பூட்டு இல்லை. மதர்போர்டு இஸட்390. இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும்.

2

மதர்போர்டு தரும் அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். மல்டிப்ளையர் 43 என்றால் 4,300. அதை 44 ஆக்கினால் 4,400. வெளியிலிருந்து பார்த்தால் பயாஸில் ஒரு எண்ணை மாற்றுகிறோம், அவ்வளவுதான்.

உள்ளே நடப்பது வேறு. 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே 0.2 நானோ வினாடி. அதற்குள் ஒளியே 6 சென்டிமீட்டர்தான் போகும். அந்த அவகாசத்தில் ஒரு சமிக்ஞை வரிசையாகப் பல டிரான்சிஸ்டர்களைக் கடந்து அடுத்த பதிவகத்தின் வாசலில் தயாராக நிற்க வேண்டும். எண்ணற்ற பாதைகளில் மிக நீளமான ஒன்று பிந்தினாலே போதும். துடிப்பு காத்திருக்காது, அந்த நொடியில் வாசலில் எது இருந்ததோ அதுவே பதிவாகிவிடும். பிழை அப்படித்தான் பிறக்கிறது. மற்றப் பாதைகள் எவ்வளவு சீக்கிரம் வந்து காத்திருந்தாலும் பயனில்லை. சில்லின் வேகத்தை அதன் மிக மெதுவான பாதைதான் முடிவு செய்கிறது.

வோல்டேஜை ஏற்றினால் டிரான்சிஸ்டர் சீக்கிரம் மாறும். பிந்திய சமிக்ஞை நேரத்துக்கு வந்துவிடும். அதற்கு விலை சூடு. சூடு ஏறினால் கசிவு மின்சாரம் கூடும். கசிவு கூடினால் சூடு இன்னும் ஏறும். வேகம், வோல்டேஜ், வெப்பம் மூன்றும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

3

இந்தப் பழக்கத்துக்கு ஒரு பொற்காலம் உண்டு. 1998 ஆகஸ்டில் இன்டெல் விற்ற செலரான் 300ஏ மலிவான சில்லு. மல்டிப்ளையர் 4.5-இல் பூட்டியிருந்தது, பஸ் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கினால் 300. பஸ்ஸை 100-க்கு மாற்றினால் 450. அந்தச் சில்லுகளில் பல அதை அலட்டிக்கொள்ளாமல் தாங்கின. பாதி விலைக்கும் கீழே வாங்கியது அன்றைய உச்சச் சில்லுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

மல்டிப்ளையரைப் பூட்டியதற்கும் ஒரு காரணம் இருந்தது. குறைந்த வேகச் சில்லின் மேலிருந்த எழுத்தை அழித்து, கூடுதல் வேகத்தை அச்சடித்து விற்ற வியாபாரிகள் தொண்ணூறுகளில் இருந்தார்கள். மிச்சத்தைத் தெரிந்து பயன்படுத்துவது வேறு. தெரியாதவர் தலையில் கட்டுவது வேறு.

பிறகு சுவர் வந்தது. 1974-இல் ஐபிஎம்மின் ராபர்ட் டெனார்டும் அவர் சகாக்களும் ஒரு விதியை எழுதிக் காட்டியிருந்தார்கள்: டிரான்சிஸ்டர் சிறுத்தால் அதன் வோல்டேஜையும் அதே அளவில் குறைக்கலாம், ஒரு சதுர மில்லிமீட்டரில் எழும் சூடு அதிகரிக்காது. முப்பது ஆண்டுகள் அந்த விதி தொழிலைத் தூக்கிச் சுமந்தது. 2005-ஐ ஒட்டி வோல்டேஜ் குறைய மறுத்தது. 2004 அக்டோபரில் இன்டெல் தன் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டது. அந்த நிறுவனத்தின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி கிரெய்க் பாரெட் ஒரு மாநாட்டு மேடையில் மண்டியிட்டு அதற்கு மன்னிப்புக் கேட்டார். விளையாட்டாகச் செய்ததுதான். ஆனாலும் வேகத்தை விற்று வளர்ந்த ஒரு தொழில் இயற்பியலின் முன் மண்டியிட்டதாகவே அதை எனக்குப் பார்க்கத் தோன்றுகிறது.

4

தொடுவதற்கு முன் செய்ய வேண்டியவை. இவை சலிப்பான வேலைகள். பாதுகாப்பு முழுக்க இவற்றில்தான் இருக்கிறது.

கேபினெட்டின் பக்கக் கதவைத் திறந்து தூசியை ஊதித் தள்ளுவது. கூலரின் அடியில் இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் துடைத்துப் புதிதாக வைப்பது. எஸ்எம்பிஎஸ் பெயர் தெரியாததாக இருந்தால் முயற்சியை அங்கேயே நிறுத்திக்கொள்வது. முக்கியக் கோப்புகளை வெளி டிஸ்கில் எடுத்து வைத்து, அந்த டிஸ்கைக் கழற்றியும் வைப்பது. சோதனை நடுவே கணினி உறைந்தால் திறந்திருக்கும் கோப்பும் சில சமயம் விண்டோஸும் கெட்டுப்போகலாம். மின்சாரம் போய்வரும் வீடு என்றால் யுபிஎஸ்.

அடுத்து, திரும்பி வரும் வழி. மதர்போர்டில் சிமாஸை அழிக்கும் ஜம்பர் எங்கே இருக்கிறது என்று கையேட்டைப் பார்த்து விரல் வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டும். திரை வராமல் போனால் மின்சாரத்தைத் துண்டித்து அந்த இரண்டு முனைகளையும் சில நொடி இணைத்தால் பயாஸ் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். பழைய போர்டுகளில் சிஆர்2032 பட்டன் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் அதே பலன். திரும்பும் வழி தெரிந்தவருக்குக் கை நடுங்காது.

மூன்றாவது, இருக்கும் நிலையை அளப்பது. எதையும் மாற்றாமல், வெப்பமும் வோல்டேஜும் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோவைத் திறந்து வைத்துக்கொண்டு, எல்லாக் கோர்களுக்கும் வேலை கொடுத்து மதிப்பெண் தரும் சினிபெஞ்சை ஓட்டி, மதிப்பெண், வெப்பம், வோல்டேஜ், அறையின் வெப்பம் நான்கையும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். இருந்த இடம் தெரியாமல் ஏறினால், ஏறினோமா இறங்கினோமா என்பதே தெரியாது.

5

பயாஸில் ‘ஆட்டோ’ என்ற சொல் நிறைய இடத்தில் இருக்கிறது. முதல் முறை செய்பவர் அதை நம்பி வோல்டேஜை அப்படியே விட்டுவிட்டு மல்டிப்ளையரை மட்டும் ஏற்றுவது இயல்பு. ஆபத்து அங்கேதான். வேகம் ஏறியதைப் பார்த்த போர்டு, எந்தச் சில்லும் தடுமாறக் கூடாது என்று தாராளமாக வோல்டேஜை அள்ளிக் கொடுக்கும். கணினி நன்றாக ஓடும். உள்ளே வேண்டாத சூடு எரியும்.

ஆகவே கோர் வோல்டேஜைக் கையால் வைப்பது. தொடக்கத்தில் 1.20 வோல்ட். இந்தத் தலைமுறைச் சில்லுகளை ஓட்டிப் பழகியவர்கள் அன்றாடப் பயன்பாட்டுக்கு 1.35-ஐ மேல்வரம்பாகச் சொல்வார்கள். முதல் முறைக்கு 1.30 போதும். இந்த எண்கள் இந்தச் சில்லு வகைக்கு மட்டும். ரைசனுக்கும், இதற்கு முந்தைய பிந்தைய இன்டெல் சில்லுகளுக்கும் வரம்பு வேறு. ஒரு சில்லின் எண்ணை இன்னொன்றுக்குக் கொண்டுபோவது இந்த வேலையில் செய்யக்கூடாத முதல் காரியம்.

சுமை ஏறும்போது வோல்டேஜ் கொஞ்சம் சரியும். அதை ஈடுகட்டும் லோடு-லைன் காலிப்ரேஷனை நடுநிலையில் வைக்கலாம். உச்சத்தில் வைத்தால் சுமை சட்டென்று விலகும் கணத்தில் வோல்டேஜ் வரம்பைத் தாண்டித் துள்ளும். பெரும்பாலான மென்பொருள் அளவிகளின் கண்ணில் அந்தத் துள்ளல் படாது.

அடிப்படைத் துடிப்பு 100-இலேயே இருக்கட்டும். ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பு அணைந்திருக்கட்டும். ஒரே சமயத்தில் இரண்டை மாற்றினால், தவறியது எது என்று சொல்ல ஆள் இருக்காது.

6

மல்டிப்ளையரை 45-இல் வைத்து ஓட்டுவது. நின்றால் 46. நின்றால் 47. ஒவ்வொரு படிக்கும் பத்து நிமிட சினிபெஞ்ச். கண் வெப்பத்தின் மேல். இந்தச் சில்லு 100 டிகிரியில் தன்னைத் தானே வேகம் குறைத்துக் காத்துக்கொள்ளும். அதுவரை விடாமல் 85-ஐ என் கோடாக வைத்துக்கொண்டேன். உறைந்தாலோ நீலத்திரை வந்தாலோ இரண்டு வழி: வோல்டேஜை 0.01 அல்லது 0.02 ஏற்றுவது, இல்லையென்றால் ஒரு படி இறங்குவது.

நோட்டில் எழுதிய எண்கள் பேசத் தொடங்குவது இந்த இடத்தில்தான். என் சில்லு ஆறு கோரும் உழைக்க 4.3-இல் கேட்டது ஏறக்குறைய 1.15 வோல்ட். 4.7-க்கு 1.20. 5.0-க்கு 1.30. மின்செலவு வேகத்தோடு நேராக ஏறும். வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். கணக்குப் போட்டால் 4.7-இல் வேகம் 9 சதவீதம் கூட, மின்செலவு 19 சதவீதம் கூடுகிறது. 5.0-இல் வேகம் 16 சதவீதம் கூட, மின்செலவு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 4.7-இலிருந்து 5.0-க்குப் போகும் அந்தக் கடைசித் துண்டை மட்டும் பார்த்தால், 6 சதவீத வேகத்துக்கு 25 சதவீத மின்சாரம்.

ஐந்து என்ற முழு எண்ணின் மேல் ஆசை இருக்கத்தான் செய்கிறது. அந்த ஆசைக்கு வாட்டில் விலை எழுதியிருப்பதை நோட்டு காட்டிவிடுகிறது. ஒரு மணி நேரம் பிடிக்கும் வீடியோ ரெண்டரிங் 4.7-இல் மிஞ்சி மிஞ்சிப் போனால் 55 நிமிடமாகும். டிஸ்குக்கும் ராமுக்கும் காத்திருக்கும் வேலைகளில் அதுவும் கிடைக்காது. மின்னஞ்சலும் உலாவியும் எந்த வித்தியாசத்தையும் உணராது.

உலகச் சாதனைகள் வேறு உலகம். 2022 டிசம்பரில் கோர் ஐ9-13900கே சில்லை 9 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் கொண்டுபோனார்கள். அதைக் குளிர்வித்தது திரவ ஹீலியம். அது கொதிப்பது மைனஸ் 269 டிகிரியில். அந்த வேகத்தில் யாரும் கடிதம் தட்டச்சு செய்வதில்லை. ஒரு கணம் தொட்டு, திரையைப் படமெடுத்து, இறங்கிவிடுவார்கள்.

7

சோதனைக்கு எல்லோரும் எடுக்கும் மென்பொருள் பிரைம்95. அது சோதனைக்காகப் பிறந்ததல்ல. 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கிய மெர்சன் பகா எண் தேடலுக்கான நிரல். தன்னார்வலர்களின் கணினிகள் மாதக்கணக்கில் ஒரு எண்ணோடு போராடும் தேடல் அது. நடுவில் ஒரு பிட் தவறினால் அத்தனை உழைப்பும் வீண். அதனால் தன் கணக்கைத் தானே சரிபார்த்துக்கொள்ளும்படி எழுதினார். முழு எண்ணாக வர வேண்டிய விடை முழு எண்ணிலிருந்து 0.4-க்கு மேல் விலகினால், பிழை என்று அறிவித்து அந்தக் கோரின் வேலையை நிறுத்திவிடும்.

பார்க்க வேண்டியது அந்த அறிவிப்பை. கணினி உறையவில்லை. நீலத்திரை இல்லை. ஃபேன் அதே ஓசையில் சுற்றுகிறது. ஒரு கோர் மட்டும் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டது. சரிபார்க்கும் நிரல் ஓடிக்கொண்டிருந்ததால் தெரிந்தது. அந்த நேரத்தில் ஓடியது ஒரு விரிதாளாகவோ, சுருக்கப்படும் புகைப்படக் கோப்பாகவோ இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. உறைந்து நிற்கும் கணினி நேர்மையானது. தவறாகக் கணக்குப் போட்டுக்கொண்டு சிரித்த முகத்தோடு ஓடும் கணினிதான் அஞ்ச வேண்டியது.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் டபிள்யூஎச்இஏ என்ற பெயரில் எச்சரிக்கை விழுந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். திருத்தப்பட்ட பிழை என்று அது சொல்லும். திருத்திக்கொண்டது நல்லது, திருத்தும் நிலை வந்ததே எல்லை நெருங்கிவிட்டதற்குச் சாட்சி.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அடுப்படியில் அது சரி. இங்கே ஒரு சோறு வெந்திருப்பது அடுத்த சோற்றைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஒரு மணி நேரம் பிழையின்றி ஓடியது என்றால் அந்த ஒரு மணி நேரம், அந்த வகைக் கணக்கில், அந்த வெப்பத்தில் பிழை வரவில்லை என்று மட்டும்தான் பொருள். சும்மா இருக்கும்போது வோல்டேஜ் தாழ்ந்து மீண்டும் எழும் கணத்தில் விழும் சில்லுகளும் உண்டு. நிலைத்தன்மையை நிரூபிக்க வழியில்லை. இன்னும் பொய்க்கவில்லை என்று சொல்லலாம். விஞ்ஞானத்தில் பெரிய பெரிய கோட்பாடுகளுக்கும் அதே நிலைமைதான் என்று நினைத்தால் மனம் கொஞ்சம் அமைதியாகிறது.

8

கூலர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அறையின் வெப்பத்துக்குக் கீழே சில்லைக் கொண்டுபோக முடியாது. காற்றோ நீரோ, இரண்டும் சூட்டை எடுத்து அறைக்குள் விடுகின்றன. மார்கழி விடியலில் அறை 26 டிகிரி. கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அதே அறை 36. நடுவிலுள்ள பத்து டிகிரியும் ஏறக்குறைய அப்படியே சில்லின் மேல் ஏறும். குளிர்காலத்தில் 78-இல் நின்றது கோடையில் 88.

ஐரோப்பாவிலோ கனடாவிலோ இருப்பவர் எழுதி வைத்த எண்ணை இங்கே அப்படியே வைக்க முடியாதது இதனால்தான். நம் ஊரில் சோதனையை மே மாதப் பிற்பகலில், ஜன்னல் மூடிய அறையில் செய்து பார்ப்பதே நியாயம். அப்போது நிற்பது மற்ற மாதங்களிலும் பெரும்பாலும் நிற்கும்.

பிரைம்95-ஐ, ஒரே கட்டளையில் பல எண்களைக் கணக்கிடும் ஏவிஎக்ஸ் கட்டளைகளோடு ஓட்டினால் அன்றாட வேலை எதிலும் எழாத சூடு எழும். முதலில் ஏவிஎக்ஸ் இல்லாமல் ஓட்டுவது. பிறகு ஏவிஎக்ஸ் வேலைகளுக்கு மட்டும் மல்டிப்ளையரை ஒன்றிரண்டு குறைக்கும் வசதியை பயாஸில் அமைத்துக்கொண்டு ஓட்டுவது.

9

சில்லு எரிந்து போகுமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. வெப்பக் காப்பு உள்ள இன்றைய சில்லு சட்டென்று எரிவது அபூர்வம். அது மெல்லத் தேய்கிறது. செம்புக் கம்பிக்குள் ஓடும் எலக்ட்ரான்கள் செம்பின் அணுக்களைத் துளித்துளியாகத் தள்ளிக்கொண்டே போகின்றன. ஆண்டுகள் போனால் ஓரிடத்தில் கம்பி மெலியும், இன்னோரிடத்தில் அணுக்கள் குவியும். 1969-இல் ஜேம்ஸ் பிளாக் இதற்குச் சமன்பாடு எழுதினார். மின்னோட்ட அடர்த்தி ஏற ஏறக் கம்பியின் ஆயுள் குறைகிறது. வெப்பம் ஏறினால் இன்னும் கடுமையாகக் குறைகிறது. இன்று 1.20 வோல்ட்டில் நிற்கும் வேகம் சில ஆண்டுகளுக்குப் பின் 1.22 கேட்கலாம்.

எல்லையில் நடப்பது நாம் மட்டுமல்ல. 2023-இல் சில ரைசன் 7000 வரிசைச் சில்லுகள், குறிப்பாக எக்ஸ்3டி வகை, மதர்போர்டில் கருகிய செய்தி வந்தது. ராம் வேகத்துக்காகப் போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை ஏற்றியதோடு அது சேர்த்துப் பேசப்பட்டது. ஏஎம்டி அந்த வோல்டேஜுக்கு 1.3-இல் பூட்டுப் போட்டது. 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைச் சில்லுகள் சில, பயனர் எதையும் தொடாமலே தடுமாறின. தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்கும் மைக்ரோகோடு முக்கியக் காரணங்களில் ஒன்று என்று இன்டெலே சொன்னது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது. உத்தரவாதம் 2 ஆண்டு நீண்டது. ஏற்கெனவே தேய்ந்த சில்லைத் திருத்தம் மீட்காது.

இரண்டிலும் ஒரே பாடம். பெட்டிக்கு வெளியே விட்டுவைத்திருந்த மிச்சத்தைத் தயாரிப்பாளர்களே இப்போது எடுத்துக்கொள்கிறார்கள். 2008-இல் டர்போ பூஸ்ட் வந்ததிலிருந்து சில்லு தன் வெப்பத்தையும் மின்னோட்டத்தையும் பார்த்துத் தானே ஏறி இறங்குகிறது. இன்றைய உச்ச ரகச் சில்லில் கையால் ஏற்ற அதிகம் மீதமில்லை. அங்கே அறிவுள்ள காரியம் எதிர்த்திசை: அதே வேகத்துக்கு வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. சூடு தணியும், தணிந்தால் சில்லு தானாகவே இன்னும் கொஞ்ச நேரம் மேலே நிற்கும். அதற்கும் இதே நோட்டு, இதே சோதனை, இதே பொறுமை.

10

5.0-க்கான மின்செலவு வேண்டாம் என்று விட்டேன். என் சில்லு 1.22 வோல்ட்டில் 4.8-இலும் நின்றது. நான் வைத்திருப்பது 4.7.

முதல் முறை செய்யப்போகிறவருக்குச் சொல்ல வேண்டியவை சில. உத்தரவாதம் போகும் என்று தெரிந்தே தொடங்குங்கள். புதுச் சில்லில் பழகாதீர்கள்; உத்தரவாதம் முடிந்த பழையதில் பழகுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதுங்கள். வோல்டேஜை ஆட்டோவில் விடாதீர்கள். கடைசியாகத் தேறிய எண்ணில் தங்காமல் அதற்கு ஒரு படி கீழே தங்குங்கள். இரண்டு எண்ணுக்கும் நடுவே உள்ள வேகம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. கோடையும் வயதும் வந்து கேட்கும்போது கொடுக்க அந்த ஒரு படி கையில் இருக்கும். அந்தக் கணினியில் பிறருடைய சம்பளக் கணக்கோ, மருத்துவப் படமோ, ஒரு மாணவரின் ஆய்வேடோ இருந்தால் மல்டிப்ளையரைத் தொடவே தொடாதீர்கள். அங்கே மிச்சம் நமக்குச் சொந்தமானது இல்லை.